தலைவர் கப்பலேறிய நாள்

அத்தை வீட்டில் மூன்று பேர்: அத்தை, மாமா, தலைவர். தலைவர் ஒரு வெள்ளாடு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அத்தை பேசுவதை மட்டும் கேட்டால் யாருக்கும் இது தெரியவராது. “தலைவருக்கு ரெண்டு நாளா மனசே சரியில்ல” என்று அவள் யாரிடமோ சொல்லப்போக, அதைக் கேட்டுப் பழம் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்தவர்கள் உண்டு. வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். பழத்தைத் தலைவர் தின்றார். பிறகு பையையும் தின்றார்.

அத்தையும் மாமாவும் செய்வது ஏற்றுமதி. துறைமுகத்தின் பின்வாசலுக்கு எதிரே அவர்களுக்கு ஒரு நீளமான தகரக் கொட்டகை இருக்கிறது. பண்ணைகளில் வாங்கிய செம்மறிகள் லாரியில் வந்து அங்கே இறங்கும். நோய்நொடி எதுவும் இல்லை என்று அரசாங்கம் நம்பும்வரை அங்கேயே தனிமையில் இருக்கும். அரசாங்கம் நம்பியதும் கப்பலேறி, கடல் கடந்து, எங்கோ ஒரு பண்ணையில் குட்டி போட்டுக் குடும்பம் நடத்தப் போகும். ஆட்டுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. வழியில் ஆடு தின்பதற்கான தீவனத்துக்குத் தனியாக இன்னொரு சான்றிதழ் உண்டு. தீவனத்தை ஆடு தின்றுவிட்ட பிறகு அந்தச் சான்றிதழ் எந்தப் பக்கம் சேரும் என்று நான் ஒருமுறை மாமாவிடம் கேட்டேன். காலேஜில் இதைத்தான் சொல்லித் தர்றாங்களா என்று அவர் கேட்டார். காலேஜில் அதுகூடச் சொல்லித் தரவில்லை.

செம்மறியைக் கப்பலில் ஏற்றுவது லேசான காரியம் இல்லை. செம்மறிக்கு ஒரே ஒரு கொள்கைதான். முன்னால் ஒருவர் போகாத இடத்துக்குப் போகாது. முன்னால் ஒருவர் போய்விட்டால் எந்த இடத்துக்கும் போகும். அந்த ஒருவர்தான் தலைவர்.

செம்மறிகள் கொட்டகைக்கு வந்த நாளிலிருந்தே வேலை தொடங்கிவிடும். தலைவர் கழுத்தில் ஒரு பித்தளை மணி. தினமும் காலையில் தலைவர் மணியை ஆட்டியபடி தீவனத் தொட்டிக்கு நடப்பார், பின்னால் கூட்டம் நடக்கும். கொஞ்ச நாளில் கூட்டத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது. மணி கேட்டால் சாப்பாடு, மணி போகும் பக்கம் வாழ்வு. கப்பல் வந்ததும் அதே மணி சாய்தளத்தில் ஏறும், கூட்டமும் ஏறும். சாய்தளத்தின் உச்சியில், கப்பலின் வாயருகே, பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. கூட்டத்தை உள்ளே திருப்பிவிட்டதும் தலைவர் மட்டும் அந்தக் கதவு வழியாக நழுவி வெளியே வருவார். அங்கே அத்தை பிஸ்கட்டுடன் நிற்பாள்.

எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் பக்கவாட்டில் இறங்கி வந்து பிஸ்கட் சாப்பிடும் ஒருவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? வைத்தவர் மாமா. அத்தை அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

மாமாவுக்கும் தலைவருக்கும் ஏழாம் பொருத்தம். மாமாவின் மூக்குக் கண்ணாடிக் கயிறு, ஒரு சட்டையின் இடது கை, கையெழுத்தாகாத ஒரு ஒப்பந்தத்தின் முதல் பக்கம் எல்லாம் தலைவரின் வயிற்றுக்குள் போயிருக்கின்றன. “இது ஆடு இல்ல, வருமானவரி” என்று மாமா சொல்வார். அத்தையோ தலைவரைக் குட்டியிலிருந்து பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தவள். தாய் ஆடு ஒதுக்கிய குட்டி. அத்தை ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை செம்மறிகளை வாங்கும் கம்பெனியின் ஆள் ஒருவர் கப்பலுக்கு முன்பே வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு செம்மறியின் பல்லையும் குளம்பையும் பார்த்தார். கடைசியில் தலைவர் கூட்டத்தைத் தொட்டிக்கு நடத்திப் போவதைப் பார்த்துவிட்டு அசந்து நின்றார். இதற்கு என்ன விலை என்று கேட்டார். மாமா கையில் டீ இருந்தது. டீ கையில் இருந்தால் மாமாவுக்கு நாக்கில் சனி.

“நல்ல விலை சொல்லுங்க, இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. எனக்குச் சட்டையாவது மிஞ்சும்.”

தீவன அறைக்குள் மூட்டைகளுக்குப் பின்னால் அத்தை இருந்தாள். வந்தவர் சிரித்துக்கொண்டே ஒரு விலையும் சொன்னார். மாமாவும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் மாமாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஆனால் ஒரே வீடு, ஒரே தொழில். பேசாமல் எப்படி ஓட்டுவது? அதற்கும் தலைவர்தான் கைகொடுத்தார். இருவரும் தலைவரிடம் பேச ஆரம்பித்தார்கள். அடுத்தவர் காதில் விழும் தூரத்தில் இருக்கும்போது பேசுவார்கள்.

“தலைவரே, சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு. பசிக்கிறவங்க வரலாம்.”

“தலைவரே, குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்.”

“நாக்கு நீளமா இருக்கிறவங்களுக்கு எல்லாமே தூக்கலாத்தான் இருக்கும், இல்லையா தலைவரே?”

தலைவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு அசைபோடுவார். இவ்வளவு நடுநிலையான ஒருவரை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, கப்பல் வரும்வரை.

வந்தது புதுக் கப்பல். இதுவரை வந்த எல்லாக் கப்பல்களிலும் பக்கவாட்டுக் கதவு சாய்தளத்தின் இடது பக்கம் இருக்கும். இதில் வலது பக்கம். காலையிலேயே மேலே ஏறிப் பார்த்த மாமா இதைக் கண்டுகொண்டார். விவரமான மனிதர். உடனே இறங்கி வந்து ஆபீஸ் வாசலில் கட்டியிருந்த தலைவர் முன்னால் நின்று, தெளிவாக, சத்தமாகச் சொன்னார்.

“தலைவரே, இன்னைக்குக் கதவு வலது பக்கம். நிக்கிறவங்க அங்க வந்து நிக்கணும்.”

அத்தையின் குடை ஆபீஸ் கதவோரம் சாய்ந்திருந்தது. குடை இருந்தால் குடைக்காரியும் உள்ளே இருப்பாள் என்பது மாமாவின் கணக்கு. அத்தை அப்போது தெருமுனைக் கடையில் பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தாள். வெயில் இல்லாத நாள், குடையை விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஆக, கதவு மாறிய செய்தி தலைவர் ஒருவருக்கு மட்டும் முறைப்படி தெரிவிக்கப்பட்டது. தலைவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏற்றும் வேலை தொடங்கியது. கால்நடை டாக்டர் சாய்தளத்தின் அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கையில் எண்ணும் கருவி. ஒரு தலை மேலே போய்க் கப்பலுக்குள் திரும்பினால் கட்டைவிரல் ஒரு டிக். வழக்கமாகத் தலைவர் பக்கவாட்டில் இறங்கிவிடுவதால் அவரை எண்ண மாட்டார். இறங்கியவரை எண்ணுவதும் இல்லை, இறங்காதவரை எண்ணாமல் விடுவதும் இல்லை என்பது டாக்டரின் சட்டம். இந்தச் சட்டத்தின் இரண்டாம் பாதிக்கு அதுவரை வேலை வந்ததில்லை.

மணி கிணுகிணுவென்று ஏறியது. அத்தை இடது பக்கத்துப் படிகளில் ஏறி, வழக்கமான இடத்தில், பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். எதிரே வெறும் பலகை. கதவு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும்போல என்று காத்திருந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் மணிச்சத்தம் வந்தது, நின்றது, கொஞ்ச நேரம் நின்றே இருந்தது. பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. பிறகு மணி மெதுவாகக் கப்பலுக்குள் போனது.

அத்தை படியிறங்கி, சாய்தளத்தின் அடியில் குனிந்து நுழைந்து, அந்தப் பக்கம் ஏறிப் பார்ப்பதற்குள் டாக்டர் எண்ணிக்கை முடிந்தது என்று கையைத் தூக்கிவிட்டார். ஏற்றும் ஆட்களின் மேஸ்திரி வாயிலைச் சாத்தினார். சாத்திய பிறகு பார்த்தால், சாய்தளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு செம்மறி மிச்சம்.

மேஸ்திரி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கருவியைப் பார்த்தார். கருவி பொய் சொல்லாது என்று டாக்டர் சொன்னார். செம்மறி அவர்கள் எல்லோரையும் பார்த்தது. யார் பின்னாலும் போகாமல் தனியே நின்று யோசித்த அந்தச் செம்மறிமேல் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. கொட்டகையில் ஒரு ஆடு கூடுதலாக வந்துவிட்டதா, பண்ணைக்காரன் கொசுறாக ஒன்று போட்டானா என்று அவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது அத்தை வலது பக்கத்துப் படியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தலைவர் எங்க?”

கப்பலுக்குள்ளிருந்து மெல்லிசாக மணி கேட்டது.

எங்கள் குடும்ப மானம் கப்பலேறுவது புதிதில்லை. தலைவர் ஏறியதுதான் புதிது.

அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் சொல்வதற்குத் தலைவர் இல்லை. சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் மிச்சமிருந்த அந்தச் செம்மறியிடம் சொன்னாள்.

“பார்த்துக்க. அன்னைக்கு விலை பேசினாங்க, இன்னைக்கு அனுப்பி வெச்சிட்டாங்க.”

மாமாவின் முகம் வெளிறிப்போனது. அவர் இதுவரை ஆயிரம் ஏச்சுப்பேச்சு கேட்டிருக்கிறார், கம்பெனிக்காரர்கள், சுங்கத்துக்காரர்கள், லாரிக்காரர்கள் எல்லோரிடமிருந்தும். எதற்கும் அவர் அசந்ததில்லை. இப்போது செம்மறியை விட்டுவிட்டு நேராக அத்தையிடமே பேசினார்.

“நான் விக்கல.”

அத்தை கப்பலைக் கைகாட்டினாள். நீர்மட்டம் ஏறியதும் கப்பல் கிளம்பிவிடும். அதற்குள் தலைவர் இறங்கினால்தான் அந்த இரண்டு சொல்லுக்கு மதிப்பு. இறங்காவிட்டால் மாமா இனி காலமெல்லாம் செம்மறிகளோடுதான் பேச வேண்டியிருக்கும்.

முதல் தடை டாக்டர். கப்பலின் வாய்க்குள் போனது எதுவானாலும் அது வெளிநாடு போனதாகத்தான் அர்த்தம், திரும்பி வந்தால் இறக்குமதி, இறக்குமதிக்குத் தனி அனுமதி, தனிக் கொட்டகை, தனி ரத்தப் பரிசோதனை என்று அவர் விளக்கினார். பத்தடி தூரம் போனதில் தலைவர் அயல்நாட்டவர் ஆகிவிட்டார். ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பது மாமாவுக்குத் தெரியும். அவர் சட்டத்தையே பாடினார். டாக்டர் கையெழுத்துப் போட்டது செம்மறிகளுக்குத்தானே, அதில் வெள்ளாடு என்று ஒன்று உண்டா, இல்லாத வெள்ளாடு எப்படிக் கப்பலேறும், ஏறாதது எப்படித் திரும்பி வரும் என்று பணிவாகக் கேட்டார்.

டாக்டர் வெகுநேரம் கடலைப் பார்த்தார். பிறகு சொன்னார், “நான் டீ குடிக்கணும். குடிக்கும்போது நான் கடலைத்தான் பார்ப்பேன். ஆனா ஒண்ணு. ஒரு செம்மறியோட குளம்பு கீழ பட்டாலும் மொத்தக் கூட்டமும் மறுபடி கொட்டகைக்குத்தான்.”

டீ வாங்க ஓர் ஆள் ஓடினார். சூடாக, பெரிய டம்ளரில் வாங்கி வரும்படி மாமா சொல்லி அனுப்பினார்.

கப்பல் கேப்டனும் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் கோபமாக. அவரைச் சமாதானம் செய்துவிட்டு மேஸ்திரி மேலே ஏறினார். வலது பக்கத்துக் கதவை ஒரு சாண் திறந்து, நாக்கைச் சுழற்றிக் கூப்பிட்டார். தலைவர் அந்தக் குரல் தெரிந்தவர், உடனே கிளம்பினார். மணி கிணுகிணுத்தது. மணியின் பின்னால் ஒரு செம்மறி திரும்பியது, அதன் பின்னால் பத்து, அதன் பின்னால் தளத்தில் இருந்த அத்தனையும். கேப்டன் ஏதோ ஒரு மொழியில் கத்தினார். எந்த மொழியானாலும் புரிந்தது. மேஸ்திரி தன் வேட்டி நுனியோடு சேர்த்துக் கதவை அறைந்து சாத்தினார்.

அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் முழுதாக விளங்கியது. தலைவர் இறங்கினால் கூட்டம் இறங்கும். ஏற்றிய கூட்டத்தை இறக்காமல் தலைவரை மட்டும் எப்படிப் பிரிப்பது? வேறு பல தலைவர்களுக்கு இது தானாக நடக்கிறது, எங்கள் தலைவருக்கு நடக்கவில்லை.

மாமா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார்.

“அதுங்க ஆட்டு பின்னால போகல. மணி பின்னால போகுது” என்றார். சொல்லிவிட்டுப் படியேறி, கதவு வழியாகக் கப்பலின் ஆட்டுப் பட்டிக்குள் நுழைந்துவிட்டார்.

நானும் அத்தையும் படியின் உச்சியில் நின்று பலகை இடுக்கில் பார்த்தோம். மாமா செம்மறிகளுக்கு நடுவே மண்டியிட்டு நகர்ந்து தலைவரிடம் போனார். தலைவர் பழைய பாசத்தில் அவர் சட்டைக் காலரை வாயில் வைத்தார். மாமா தின்னக் கொடுத்தார். காலர் போகும் நேரத்தில் கழுத்திலிருந்த மணியை அவிழ்த்தார். கூட்டத்தைத் தள்ளி வழி உண்டாக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் மணியைத் தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டார்.

எழுந்து நடந்தார். மணி தொப் தொப்பென்று மார்பில் மோதியது. ஒரு செம்மறியும் அசையவில்லை. அது அவற்றுக்குத் தெரிந்த மணிச்சத்தம் இல்லை. மாமா திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் நாங்கள் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க மாட்டோம். அந்தத் தளத்தில் அவ்வளவு தனியாக ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

“குனிங்க” என்றாள் அத்தை.

மாமா குனிந்தார்.

“இன்னும். தலை முன்னால வரணும். அவர் தலைய ஆட்டிக்கிட்டே நடப்பார், நீங்க தோளை ஆட்டுறீங்க.”

மாமா தலையை ஆட்டினார். மணி கிண் என்றது.

“ரெண்டு அடி வெச்சுட்டு நில்லுங்க. ஆமா. இப்போ ஒரு செருமல்.”

“செருமல் எதுக்கு?”

“அவர் செருமுவார். செருமுங்க.”

மாமா செருமினார். ஒரு செம்மறி தலையைத் தூக்கியது. கிணுகிணு, கிணுகிணு, நிறுத்தம், செருமல். அது ஓர் அடி வைத்தது. பக்கத்தில் இருந்ததும் வைத்தது. ஏற்றுமதி நிறுவனத்தின் பங்குதாரர், தொழில் கூட்டமைப்பின் செயற்குழு உறுப்பினர், தளத்தின் கடைசி மூலையை நோக்கித் தலையை ஆட்டியபடி நடந்தார். மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் போனது. “வேகமா வேண்டாங்க, இடுப்பு பிடிச்சுக்கும்” என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். தான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

கதவருகே தலைவர் மட்டும் நின்றார். மணி இல்லாத கழுத்தோடு, வாயில் ஒரு காலரோடு, பதவி போன மறுநாள் காலையில் வாசலில் வந்து நிற்பவர் போல. அத்தை கதவை ஒரு சாண் திறந்து பிஸ்கட் உறையைக் கசக்கினாள். தலைவர் திரும்பிப் பார்க்காமல், யாரிடமும் விடைபெறாமல், வெளியே வந்தார். அவர் பின்னால் ஒருவரும் வரவில்லை. சொந்தக் கருத்துள்ள அந்த ஒற்றைச் செம்மறியை மேஸ்திரியும் இன்னொருவரும் தூக்கி வந்து உள்ளே விட்டார்கள். சொந்தக் கருத்துள்ளவர்களைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. டாக்டர் கீழே டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ எப்போதோ தீர்ந்துவிட்டது.

இப்போது கணக்கு சரி. ஆள் கணக்குதான் உதைத்தது. மாமா தளத்தின் மறுகோடியில், கூட்டத்துக்கு நடுவே, கழுத்தில் மணியோடு நின்றார். கப்பல் ஒருமுறை ஊதியது. அவர் ஓர் அடி இந்தப் பக்கம் வைத்தால் கூட்டமும் ஓர் அடி இந்தப் பக்கம் வைத்தது.

“மணிய அங்கயே விட்டுட்டு வாங்க” என்றாள் அத்தை.

“தலைவரோட மணி…”

“மணி போனா போகுது. நீங்க வாங்க.”

மாமா மணியைத் தீவனத் தொட்டிக்கு மேலிருந்த கம்பியில் கட்டினார். கப்பல் ஆடியது, மணி தானாகவே கிணுகிணுத்தது. செம்மறிகள் அதை அண்ணாந்து பார்த்தபடி நின்றன. அதன் கீழே யாரும் இல்லை என்பது அவற்றுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. மாமா நான்கு காலில் சுவரோரமாகவே ஊர்ந்து வந்து கதவு வழியாகத் தலையை நீட்டினார். தலைமுடியில் வைக்கோல், சட்டைக்குக் காலர் இல்லை, முழங்காலில் என்னவென்று கேட்கக் கூடாத ஈரம்.

அத்தை கையில் ஒரு பிஸ்கட் மிச்சம் இருந்தது. அவர் எழுந்து நிற்பதற்குக்கூடக் காத்திராமல் அதை அவர் வாயருகே நீட்டினாள். மாமா வாங்கிக்கொண்டார்.

“வித்துட்டீங்கன்னே நினைச்சிட்டேன்.”

மாமா மென்று விழுங்கினார். “விலை படியல.”

அத்தை அவர் தலையிலிருந்த வைக்கோலை எடுத்தாள். ஒவ்வொன்றாக, நிதானமாக எடுத்தாள். எடுத்ததையெல்லாம் பக்கத்தில் நின்ற தலைவர் தின்றார். கீழே சாய்தளத்தைக் கழற்ற வந்த ஆட்கள், இவர்கள் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

கப்பல் போய்விட்டது. மணியும் போய்விட்டது, வரியில்லாமல், சான்றிதழில்லாமல். சில வாரம் கழித்து வாங்கிய கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. செம்மறிகள் எல்லாம் நலம், ஆனால் அந்த மணி இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க மறுக்கின்றன, ஆகவே அதை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள், விலை என்ன என்று கேட்டிருந்தார்கள். என்ன பதில் போடுவது என்று மாமா அத்தையிடம் கேட்டார். நேரடியாகவே கேட்டார். நல்ல விலை சொல்லுங்க என்றாள் அத்தை.

அந்தப் பணத்தில் புது மணி வாங்கப் பாத்திரக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒவ்வொரு மணியாக எடுத்துக் கையால் ஆட்டிக் காட்டினார். கையால் ஆட்டினால் தெரியாது என்று அத்தை சொல்லிவிட்டாள். எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். அத்தை மாமாவைப் பார்த்தாள்.

மாமா என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு குனிந்தார். குடங்களுக்கும் அண்டாக்களுக்கும் நடுவே கிணுகிணுவென்று நடந்தார், நின்றார், செருமினார். அத்தை கண்ணை மூடிக் கேட்டாள்.

“இது இல்லங்க” என்றாள். “அடுத்தது.”